வேளாண் அறிவு வலையமைப்பில் பயிலரங்கின் இடம்: சாவகத்து உழவர் வயற்பள்ளிகள் தரும் படிப்பினை

1. முன்னுரை

வேளாண்மை வளர்ச்சித் திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் தவறாது இடம்பெறும் எண், நடத்தப்பட்ட பயிலரங்குகளின் எண்ணிக்கையாகும். இத்தனை பயிலரங்குகள், இத்தனை உழவர்கள் என்னும் கணக்கு எளிதில் கிடைக்கிறது. பயிலரங்கு முடிந்த பின்னர் அவ்வுழவரின் வயலில் என்ன மாறியது, அவர் கற்றது வரப்பைக் கடந்து அடுத்த வயலுக்குச் சென்றதா, மூன்றாம் ஆண்டில் அவ்வறிவு எஞ்சியிருந்ததா என்னும் வினாக்களுக்கு விடை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அவ்விடையைப் பொறுத்தே பொதுப்பணம் பயனுற்றதா என்பதும், உழவரின் வருவாயும் உடல்நலமும் காக்கப்பட்டனவா என்பதும் அமைகின்றன.

இவ்வினாக்களுக்கு விடை தேடுவதற்கு உலகில் மிகுதியாக ஆராயப்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. அது இந்தோனேசியாவின் சாவகத் தீவில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உழவர் வயற்பள்ளி இயக்கமாகும். அவ்வியக்கம் பெற்ற வெற்றியும், பின்னர் அதன்மீது எழுந்த ஐயங்களும், அவ்வையங்களுக்கு விடையாக அதே மண்ணில் தோன்றிய மற்றொரு முயற்சியும் ஒருங்கே நோக்கத்தக்கவை. இக்கட்டுரை அம்மூன்றையும் விளக்கி, தமிழில் நடைபெறும் வேளாண் பயிலரங்குகளுக்கு அவை தரும் படிப்பினையைச் சுட்டுகிறது.

2. கருத்தாக்கத்தின் வளர்ச்சி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேளாண் விரிவாக்கம் என்பது ஒருவழிப் பாதையாகவே கருதப்பட்டது. ஆராய்ச்சி நிலையத்தில் புதியது தோன்றும். விரிவாக்க அலுவலர் அதனைச் சுமந்து செல்வார். உழவர் அதனை ஏற்பார் என்பதே அக்கருத்து. 1970களில் டேனியல் பெனோர் வகுத்து உலக வங்கி பரப்பிய 'பயிற்சியும் பார்வையிடலும்' என்னும் முறை இக்கருத்தின் மிகச் சீரான வடிவமாகும். களப்பணியாளர் குறித்த இடைவெளியில் பயிற்சி பெறுவார். குறித்த நாளில் தொடர்பு உழவர்களைச் சந்திப்பார். அவ்வுழவர்கள் பிறருக்குச் சொல்வர். இந்தியாவின் பல மாநிலங்களிலும், 1980களில் தமிழ்நாட்டிலும் இம்முறை கையாளப்பட்டது. கிணற்றுப் பாசனமும் வானம் பார்த்த நிலமும் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் ஒரே செய்தியை எல்லார்க்கும் வழங்குவது எவ்வளவு பொருந்தும் என்பது அப்போதே கேட்கப்பட்ட வினாவாகும்.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நீல்ஸ் ரோலிங் முதலியோர் வேறொரு நோக்கினை முன்வைத்தனர். உழவர், ஆய்வாளர், அலுவலர், விதை வணிகர், கடன் வழங்குவோர் ஆகிய அனைவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் அறிவைப் பெற்றும் கொடுத்தும் வாழ்கின்றனர் என்றும், அவ்வுறவுகளின் தொகுதியையே ஓர் அமைப்பாகக் கருத வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். 'வேளாண் அறிவு, புத்தாக்க அமைப்பு' என இன்று வழங்கும் கருத்தாக்கம் இவ்வழியில் வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் 2027 வரையிலான தனது பொது வேளாண் கொள்கையின்கீழ், ஒவ்வோர் உறுப்பு நாடும் இவ்வமைப்பினை எவ்வாறு வலுப்படுத்தும் என்பதைத் தன் திட்டத்தில் விளக்க வேண்டும் என விதித்துள்ளது. 2012இல் அங்குத் தொடங்கப்பெற்ற ஐரோப்பிய வேளாண் புத்தாக்கக் கூட்டாண்மை, ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்ப்பதற்காக உழவரையும் ஆய்வாளரையும் அறிவுரையாளரையும் ஒரே செயற்குழுவில் இணைத்து வருகிறது.

ஐரோப்பா இன்று சட்ட மொழியில் கூறும் இச்செய்தியைச் சாவகத்து வயல்கள் 30 ஆண்டுகளுக்கு முன்னரே நடைமுறையில் கண்டன.

3. ஒரு பூச்சியும் ஓர் ஆணையும்

1970களில் உலகிலேயே மிகுதியாக அரிசி இறக்குமதி செய்த நாடாக விளங்கிய இந்தோனேசியா, 1984இல் அரிசியில் தன்னிறைவு பெற்றது. புதிய நெல்வகைகள், உரம், பாசனம் ஆகியவற்றோடு பூச்சிக்கொல்லியும் ஒரே தொகுப்பாக உழவர்க்கு வழங்கப்பட்டது. பூச்சிக்கொல்லி விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாக ஏற்றது. அதற்கென ஆண்டுதோறும் 10 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் செலவாயிற்று.

அத்தன்னிறைவை அச்சுறுத்தியது, தமிழ்நாட்டு உழவர் புகையான் என அழைக்கும் சிறு தத்துப்பூச்சியாகும். அது நெற்குத்தின் அடித்தண்டில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். தாக்குண்ட பயிர் வட்டவட்டமாகக் கருகிக் காய்ந்துவிடும். பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் ஆய்வு செய்த பீட்டர் கென்மோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதன் காரணத்தை வெளிப்படுத்தினர். இப்பூச்சி தன் முட்டைகளை இலையுறையின் உள்ளே இடுகிறது. மேலே தெளிக்கப்படும் நஞ்சு அம்முட்டைகளைச் சென்றடைவதில்லை. ஆனால் அப்பூச்சியை உண்டு வாழும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் அழித்துவிடுகிறது. சில நாட்களில் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றை உண்பதற்கு வயலில் எவ்வுயிரும் இருப்பதில்லை. இவ்வாறு, பூச்சியை ஒழிப்பதற்கெனத் தெளிக்கப்பட்ட நஞ்சே அதன் பெருக்கத்திற்கு வழிவகுத்தது.

இவ்வுண்மையை ஏற்ற இந்தோனேசிய அரசு, 1986 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்றின் வழியாக 57 பூச்சிக்கொல்லி வகைகளை நெற்பயிரில் பயன்படுத்தத் தடை விதித்தது. மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 தொடக்கத்தில் முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை நாட்டின் கொள்கையாயிற்று.

ஆணையால் ஒரு நஞ்சைத் தடுக்க இயலும். ஒரு வயலில் இன்று தெளிக்க வேண்டுமா வேண்டாமா என்னும் முடிவை ஆணையால் எடுக்க இயலாது. அம்முடிவு வயலுக்கு வயல், வாரத்திற்கு வாரம் மாறுவது. அதனை எடுக்கக்கூடியவர் அவ்வயலின் உழவர் ஒருவரே. வயற்பள்ளி தோன்றியதற்கான காரணம் இதுவேயாகும்.

4. வயற்பள்ளி நடைபெறும் முறை

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் நடுச்சாவகப் பகுதியில் முதல் வயற்பள்ளிகள் தொடங்கப்பெற்றன. முன்னோடிப் பருவத்தில் ஏறத்தாழ 200 பள்ளிகளில் 5,000 உழவர்கள் பயின்றனர். 1990களின் இறுதிக்குள் இந்தோனேசியாவில் மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பள்ளிகளில் பங்கேற்றனர். இம்முறை பின்னர் ஆசியாவின் பிற நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பரவியது.

ஒரு பள்ளியில் ஏறத்தாழ 25 உழவர்கள் இருப்பர். நடவு தொடங்கி அறுவடை வரையிலான ஒரு பருவம் முழுவதும், வாரம் ஒருமுறை காலை வேளையில் அவர்கள் கூடுவர். ஐவர் ஐவராகப் பிரிந்து வயலில் இறங்கி, குறித்த சில நெற்குத்துகளைக் கூர்ந்து நோக்குவர். தூர்களை எண்ணுவர், இலையின் நிறத்தையும் நீரின் அளவையும் குறிப்பர், தீமை செய்யும் பூச்சிகளையும் அவற்றை உண்ணும் உயிர்களையும் தனித்தனியே கணக்கிடுவர். பின்னர் மரநிழலில் அமர்ந்து, கண்டவற்றை ஒரு பெரிய தாளில் வண்ணக்கோலால் வரைவர். நடுவில் நெற்பயிர், ஒருபுறம் பகைப்பூச்சிகள், மறுபுறம் நட்புயிர்கள், மேலே வானிலை. படத்தைக் கொண்டு ஒவ்வொரு குழுவும் தன் முடிவை அவையின்முன் வைக்கும். பிற குழுக்கள் வினவும். இறுதியில் அவ்வாரம் அவ்வயலில் என்ன செய்வது என்பதை அனைவரும் சேர்ந்து முடிவு செய்வர்.

இப்பள்ளியில் ஆசிரியர் என ஒருவர் இல்லை, நெறியாளர் உண்டு. ஓர் உழவர் ஒரு பூச்சியைக் காட்டி 'இது என்ன?' என வினவினால், நெறியாளர் பெயரைச் சொல்லுவதில்லை. அது எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது, அருகில் வேறு எவை இருந்தன எனத் திருப்பி வினவுவார். ஐயம் நீங்காவிடில், சிறு கூண்டமைத்து, நெற்செடியையும் அப்பூச்சியையும் சிலந்தியையும் அதனுள் விட்டு, எது எதனை உண்கிறது என உழவர்களே காணும்படி செய்வர். இலைகளின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, விளைச்சல் உண்மையில் குறைகிறதா எனப் பார்ப்பதும் பாடத்தின் ஒரு பகுதியாகும். இளம்பயிர் இழந்த இலையை மீண்டும் தழைத்து ஈடுசெய்வதைக் கண்ட உழவர், இலையில் ஓட்டை கண்டவுடன் தெளிப்பானைத் தேடி ஓடுவதில்லை.

வழக்கமான பயிலரங்கிலிருந்து இது வேறுபடும் இடங்கள் மூன்று. முதலாவது, காலம்: ஒரு நாளில் முடிவதன்று, பயிரின் வளர்ச்சியோடு உடன்செல்வது. இரண்டாவது, இடம்: மண்டபம் அன்று, வயல். மூன்றாவது, அறிவின் ஊற்று: உரையன்று, உழவரின் கண்ணும் அவர்களுக்கிடையே நிகழும் உரையாடலும்.

5. மருந்தா, நஞ்சா?

தமிழ் ஆய்வாளர்களுக்குச் சிறப்பாகப் பயன்தரும் செய்தி ஒன்று வயற்பள்ளி வரலாற்றில் உண்டு. இந்தோனேசிய உழவர் பூச்சிக்கொல்லியை 'ஓபாட்' என அழைத்தனர். அச்சொல்லுக்கு மருந்து என்பது பொருள். மருந்து எனின், நோய் வருமுன்னும் கொடுக்கலாம். சற்று மிகுதியாகவும் கொடுக்கலாம். கொடுக்காமல் இருப்பதே குற்றமாகத் தோன்றும். வயற்பள்ளிகள் அச்சொல்லை விடுத்து, நஞ்சு எனப் பொருள்படும் 'ராச்சூன்' என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவர முயன்றன. மேற்குச் சாவக உழவரிடையே நீண்டகாலம் களப்பணி செய்து, 2004இல் அது குறித்து விரிவான நூல் வெளியிட்ட மானிடவியல் அறிஞர் யூனித்தா வினார்த்தோ, உழவர் அறிவு இவ்வாறு சொல்லும் செயலும் கலந்து மாறிய விதத்தை ஆராய்ந்துள்ளார்.

தமிழிலும் இதே நிலைதான். 'மருந்தடித்தல்' என்பதே ஊர்வழக்கு. 'பூச்சிமருந்து' என்பதே கடைப்பெயர். பயிலரங்கில் எத்துணை விளக்கம் தரப்பட்டாலும், விளக்கத்தின் மொழி மருந்து என்னும் சொல்லையே ஆளுமாயின், அச்சொல் விளக்கத்தை வென்றுவிடும். கலைச்சொல்லாக்கம் என்பது அகராதியோடு முடிவதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

6. அண்டை வயலுக்குப் பரவியதா?

வயற்பள்ளிக்கு ஆகும் செலவு மிகுதி. ஒரு பருவம் முழுவதும் பயிற்சி பெற்ற நெறியாளர் ஒருவர் வெறும் 25 பேருக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இச்செலவை ஞாயப்படுத்திய வாதம், பயின்ற உழவர் தம் அண்டை உழவர்க்குக் கற்பிப்பர் என்பதாகும். இவ்வாதம் சோதனைக்கு உட்படுத்தப்பட்டபோது எதிர்பாராத முடிவுகள் வெளிவந்தன.

கெர்ஷன் ஃபெடர், ரின்கு முர்கை, ஜெய்மே கிசோன் ஆகிய மூவரும் 1991, 1999 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தோனேசிய உழவர் குடும்பங்களிடம் பெறப்பட்ட தரவுகளை ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் பயின்றோரிடத்தோ அவர்தம் அண்டையரிடத்தோ விளைச்சலிலும் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டிலும் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. இலங்கையின் தென்பகுதியை ஆராய்ந்து ராபர்ட் டிரிப் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு சற்று வேறானது. அங்குப் பயின்ற உழவர் பூச்சிக்கொல்லியைத் தெளிவாகக் குறைத்திருந்தனர். ஆயினும் அவர்களிடமிருந்து பிறருக்கு அவ்வறிவு சென்றதற்கான சான்று மிகக் குறைவாகவே கிடைத்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த மதிப்பாய்வும் இவ்விரண்டாம் முடிவையே பொதுவாக உறுதிப்படுத்தியது: பங்கேற்றோர் பயன் பெற்றனர், பங்கேற்காத அண்டையர்க்கு அது பரவியதாகத் தெரியவில்லை.

இம்முடிவுகளுக்கு மறுப்பும் எழுந்தது. ஹென்க் வான் டென் பெர்க், ஜேனிஸ் ஜிக்கின்ஸ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட கட்டுரை, விளைச்சலையும் தெளிப்பு எண்ணிக்கையையும் மட்டும் அளப்பது போதாது என்றும், உழவர் அமைப்பாக்கம், தன்னம்பிக்கை, தொடர்ந்து கற்கும் ஆற்றல் முதலியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் வாதிட்டது. தடையாணையும் மானிய நிறுத்தமும் பயின்றோர், பயிலாதோர் ஆகிய இரு சாராரையும் ஒருங்கே பாதித்தமையால், பள்ளியின் தனிப்பயனைப் பிரித்தறிவது கடினம் என்பதும் கருதத்தக்கது.

எனினும், பரவல் நிகழவில்லை என்னும் செய்தியைப் புறந்தள்ள இயலாது. அதன் காரணத்தை உணர்வதே பயனுடையது. ஒரு புதிய விதையை ஒருவர் மற்றொருவருக்குக் கையில் அள்ளிக் கொடுக்கலாம். உரத்தின் அளவை வரப்பில் நின்றபடியே சொல்லிவிடலாம். 'என் வயலில் சிலந்திகள் போதிய அளவில் உள்ளன. ஆகவே தெளிக்க வேண்டியதில்லை' என்னும் முடிவை அவ்வாறு கொடுக்க இயலாது. அதனைக் கேட்கும் அண்டை உழவர், அச்சிலந்தி பூச்சியை உண்பதைத் தம் கண்ணால் கண்டவர் அல்லர். அதை நம்பித் தெளிக்காமல் விட்டு, பயிர் கெடுமாயின் இழப்பு அவருடையது. செய்தி வாய்வழியே பரவும். தேர்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் பழக்கத்தால் மட்டுமே வரும். பயிலரங்குத் திட்டங்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, ஒருவருக்குக் கற்பித்தால் பத்துப்பேர் கற்பர் என்னும் கணக்கில் நிதி ஒதுக்குவதே பிழையின் தோற்றுவாய் ஆகும்.

சாவகத்தில் தேசியத் திட்டம் 1999இல் முடிவுற்றது. பின்னர் ஆட்சி அதிகாரம் மாவட்டங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டு, வயற்பள்ளிகளுக்கான தொடர் ஆதரவு தளர்ந்தது. பூச்சிக்கொல்லி வணிகம் மீண்டும் ஊர்களுக்குள் வலுவாக நுழைந்தது. 2009 முதல் 2011 வரை சாவகத்து வயல்கள் புகையான் தாக்குதலுக்கு மீண்டும் பேரளவில் உள்ளாயின. 10 இலட்சம் உழவர் பயின்ற நாட்டில் இது நிகழ்ந்தது.

7. பள்ளியிலிருந்து கடைக்கு

இந்நிலையில்தான் வினார்த்தோவும், வேளாண் வானிலை அறிஞர் கீஸ் ஸ்டிக்டரும் மேற்குச் சாவகத்தின் இந்திரமாயு மாவட்டத்தில் வேறொரு முயற்சியைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அறிவியல் வயற்கடை'. இந்தோனேசிய மொழியில் 'வாருங்' என்பது சிற்றுண்டியும் பேச்சும் கிடைக்கும் சிறுகடையைக் குறிக்கும். தமிழகத்து ஊர்களின் தேநீர்க்கடையும், மலேசியத் தமிழரின் ஒட்டுக்கடையும் ஆற்றும் பணியை அங்கு வாருங் ஆற்றுகிறது.

பெயர் மாற்றம் பொருள் பொதிந்தது. பள்ளிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு; தேர்ச்சி பெற்றவர் வெளியேறிவிடுவார். கடைக்கு முடிவு இல்லை, வேண்டும்போதெல்லாம் வரலாம், வாங்குவதும் கொடுப்பதும் அங்கு நிகழும். இம்முயற்சியில் பங்கேற்ற உழவர் ஒவ்வொருவரும் தத்தம் வயலில் மழைமானி அமைத்து, நாள்தோறும் காலையில் மழையளவைக் குறித்தனர். அதனுடன் பயிரின் நிலை, பூச்சி, நீர் ஆகியவற்றையும் எழுதினர். திங்கள்தோறும் கூடி அக்குறிப்புகளை ஒப்பிட்டனர். வரும் பருவத்தின் மழைப்போக்கு குறித்து அறிவியலாளர் தரும் முன்னறிவிப்பை அக்கூட்டத்தில் எடுத்துரைத்து, எப்போது விதைப்பது, எவ்வகையை விதைப்பது என உழவரே விவாதித்தனர்.

இதில் உழவர் தரவு பெறுபவர் மட்டும் அல்லர். தரவு தருபவரும் ஆவார். ஆண்டுகள் செல்லச்செல்ல அவரது குறிப்பேடு மதிப்புறுகிறது. கூட்டத்திற்கு அவர் மீண்டும் வருவதற்குரிய காரணம் அவர் கையிலேயே இருக்கிறது. பருவநிலை மாறிவரும் காலத்தில், ஒருமுறை கற்று முடித்த பாடம் போதுவதில்லை. ஆண்டுதோறும் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. வலையமைப்பு என்பதன் உண்மையான பொருள் இத்தொடர்ச்சியே ஆகும்.

8. தமிழ்ச் சூழலில் கருத வேண்டியவை

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வயற்பள்ளி முறை நெற்பயிரில் கையாளப்பட்டுள்ளது. ஆயினும் இவ்விரு நிலங்களின் வேளாண் தமிழ் ஒன்றன்று. தமிழ்நாட்டில் புகையான் எனப்படுவது இலங்கையில் அரசு வெளியீடுகளில் கபில நிறத் தத்தி எனவும், உழவர் வழக்கில் அறக்கொட்டி எனவும் வழங்குகிறது. புகையான் என்னும் பெயர் பயிர் கருகிய தோற்றத்தைச் சுட்டுகிறது. அதாவது, சேதம் நிகழ்ந்த பின்னர் கண்ணில் படுவதைச் சுட்டுகிறது. கபில நிறத் தத்தி என்பது பூச்சியின் நிறத்தையும் இயக்கத்தையும் சுட்டுகிறது. அடித்தண்டைப் பிரித்துப் பார்த்து, சேதத்திற்கு முன்னரே பூச்சியைக் காணப் பழக்கும் பயிலரங்கில் இவ்விரு பெயர்களும் இருவேறு நோக்கினைத் தருவன. இவற்றுள் ஒன்றை நீக்கி மற்றொன்றை நிலைநிறுத்துவது நோக்கமாக இருத்தல் கூடாது. இரண்டையும் அருகருகே வைத்து, பெயர் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என உழவரையே பேசச் செய்வது சிறந்த பாடமாக அமையும்.

அவ்வாறே, தமிழ்நாட்டில் பூச்சி என்னும் ஒரே சொல் பகைப்பூச்சியையும் பொதுவான பூச்சியினத்தையும் குறிக்கிறது. அதனால் 'நன்மை செய்யும் பூச்சி' என அடைகொடுத்துப் பேச வேண்டியுள்ளது. இலங்கைத் தமிழில் பீடை என்னும் தனிச்சொல் பகைப்பூச்சிக்கு வழங்குவதால் இவ்வேறுபாடு இயல்பாகவே தெளிவுறுகிறது. இருநாட்டு வேளாண் தமிழும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதால் வரும் பயனுக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மற்றொரு படிப்பினை, யார் அழைக்கப்படுகின்றனர் என்பது பற்றியது. மடகாஸ்கரில் பாதிரியார் ஆன்றி தெ லோலானியே 1980களில் உருவாக்கிய நெற்பயிர் முறை, தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்னும் பெயரில் 2000க்குப் பின்னர் பரப்பப்பட்டது. ஏறத்தாழ 14 நாள் வயதுடைய இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். உருளும் களையெடுப்பானை வரிசைகளினிடையே ஓட்ட வேண்டும். நீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்ட வேண்டும். இவற்றுள் முதற்பகுதி முழுவதும் நடவுப் பெண்களின் கைத்திறனைச் சார்ந்தது. பயிற்சிக்கு நிலவுடைமையாளர் மட்டும் அழைக்கப்படுமிடத்து, வயலில் அதனைச் செய்ய வேண்டியவர் அப்பயிற்சிக்கு வெளியே நிற்கிறார். மெல்லிய நாற்றை வேர் கெடாமல் எடுத்து வரிசையில் வைப்பது எத்துணை நேரம் கொள்ளும், அதற்குரிய கூலி யாது, முதுகு எவ்வளவு தாங்கும் என்பவற்றை அறிந்தவர் அப்பெண்களே. அவர்கள் இல்லாத அவையில் எடுக்கப்படும் முடிவு வயலில் நிலைபெறுவது அரிது.

தமிழ் இலக்கிய மரபு இதற்கு ஒரு முன்னோடியைத் தருகிறது. பள்ளு இலக்கியங்கள் நெல்வகைகளின் பெயர்களையும் மாட்டுவகைகளின் பெயர்களையும் உழவுக் கருவிகளையும் நிரல்படத் தருகின்றன. அவ்வறிவு அங்குப் பண்ணையாரின் கூற்றாக அமையாமல், உழைக்கும் பள்ளர், பள்ளியரின் உலகத்தைச் சார்ந்ததாக அமைகிறது. உழைப்பவரிடத்தே அறிவு உண்டு என்பது தமிழுக்குப் புதிய கருத்தன்று.

9. பயிலரங்கை வடிவமைப்போர்க்கு

மேற்கண்ட செய்திகளிலிருந்து ஐந்து கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, கற்பிக்க வேண்டியது செய்தியா, தேர்ந்து முடிவெடுக்கும் ஆற்றலா என்பதை முன்னரே பிரித்தறிதல் வேண்டும். செய்திக்கு வானொலியும் கைப்பேசியும் ஒலிபெருக்கியும் போதும். அதற்கெனப் பயிலரங்கு நடத்துவது வீண்செலவு. முடிவெடுக்கும் ஆற்றலுக்கு ஒரு நாள் பயிலரங்கு போதாது.

இரண்டாவது, அண்டையர்க்குத் தானே பரவும் என்னும் நம்பிக்கையில் திட்டம் வகுத்தல் கூடாது. பரவல் வேண்டுமாயின் அதற்கென உழவரிடமிருந்தே நெறியாளர்களை உருவாக்கி, அவர்தம் நேரத்திற்கு ஊதியமும் வழங்குதல் வேண்டும்.

மூன்றாவது, பயிலரங்கு முடிந்த பின்னரும் உழவர் மீண்டும் கூடுவதற்குரிய காரணம் ஒன்று அமைதல் வேண்டும். மழைக்குறிப்பேடு அத்தகைய ஒன்று. விதை பரிமாற்றம் மற்றொன்று.

நான்காவது, வேலையைக் கையால் செய்பவர் அவையில் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, கொள்கையும் பயிலரங்கும் ஒருசேர இயங்குதல் வேண்டும். மானிய விலையில் நஞ்சு கிடைக்கும் ஊரில், நஞ்சு வேண்டா எனக் கற்பிப்பது ஓடும் நீருக்கு எதிராகத் துடுப்பிடுவது போலாகும். 1986ஆம் ஆண்டின் ஆணை இன்றி வயற்பள்ளிகள் வேரூன்றியிருத்தல் அரிது. ஆதரவு தளர்ந்தபின் பழைய நிலை திரும்பியதும் அதனையே காட்டுகிறது.

10. முடிவுரை

சாவகத்து வயற்பள்ளிகளின் வரலாற்றை வெற்றிக்கதையாகவோ தோல்விக்கதையாகவோ மட்டும் கூறுதல் பொருந்தாது. உழவர் தம் வயலைத் தாமே ஆராயவல்லவர் என்பதை அது ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. அவ்வாற்றல் தானாகப் பரவாது என்பதையும், பேணப்படாவிடில் தேயும் என்பதையும் அதே வரலாறு காட்டியது.

இதில் தமிழியலுக்கு உரிய பணியும் ஒன்று உண்டு. தமிழில் நடைபெறும் வேளாண் பயிலரங்குகளில் உழவர் பேசும் சொற்கள் பெரும்பாலும் பதிவு செய்யப்படுவதில்லை; அலுவலர் எழுதும் அறிக்கையின் சொற்களே எஞ்சுகின்றன. அவ்வவைகளில் நிகழும் உரையாடலை உள்ளவாறே பதிந்து, தமிழ்நாடு, இலங்கை ஆகிய இரு நிலங்களின் வழக்குகளையும் ஒப்பிட்டுத் தொகுப்பது, வேளாண் அறிவியலாளர் தனித்துச் செய்யவியலாத பணியாகும். மருந்து என்பதற்கும் நஞ்சு என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அளக்கத் தெரிந்தவர்கள் மொழியறிஞர்களே. அத்தொகுப்பு உருவாகுமாயின், பயிலரங்குகள் இத்தனை நடந்தன என்னும் எண்ணிக்கைக்கு அப்பால், அவற்றில் யார் என்ன கண்டனர், அதனை எவ்வாறு பெயரிட்டனர் என்னும் செய்தியும் பிற்காலத்தார்க்குக் கிடைக்கும்.